முதல் நாளே சொல்லிவிடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, பதிலைப் பத்திரிகையிலேயே எழுதலாமா என்று கேட்டேன், சம்மதித்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. உங்கள் வீட்டுக்காரருக்கு நடந்தது இன்றைக்கு ராத்திரியும் தமிழ்நாட்டில் ஏதோ ஓர் எலும்பு முறிவு வார்டில் இன்னொருவருக்கு நடந்துகொண்டிருக்கும். அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. சேர்த்த அன்று வலியைத் தவிர வேறு தொல்லை இல்லை. மறுநாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சாப்பாடு வேண்டாம் என்றார், கண்ணை மூடவே இல்லை. மூன்றாம் நாள் இரவு, அங்கே இல்லாத சித்தாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கலவை எங்கே என்று சத்தம் போட்டார். கட்டில் கம்பி மேல் செங்கல் அடுக்குவதுபோல் கையை வைத்து வைத்து எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூக்குக்குண்டு பார்த்தார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முறிந்த காலோடு கட்டிலிலிருந்து இறங்கப் போனார். நாலு பேர் சேர்ந்து பிடித்துத் துணியால் கையைக் கட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர், விழுந்த இடத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றார். வார்டு ஊழியர் ஒருவர், சரக்குக்காக நடிக்கிறார் என்றார்.

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? மறுபடியும் இப்படி வருமா? தினமும் குடிப்பார் என்பதை அவமானத்துக்குப் பயந்து சொல்லாமல் விட்டது உங்கள் தப்பா?

பைத்தியம் இல்லை, பேய் இல்லை, நடிப்பும் இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடலில் மது திடீரென்று நின்றால் வரும் விலகல் நோய் அது. அதன் கடுமையான கட்டத்துக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். வார்டில் சுருக்கமாக டி.டி. என்பார்கள். தாமஸ் சட்டன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1813இல் வைத்த பெயர் இது. மூளைக் காய்ச்சல் என்று நினைத்து ரத்தத்தை வடியவிட்டால் இந்த நோயாளிகள் மோசமாகிறார்கள், ஓபியம் கொடுத்துத் தூங்க வைத்தால் பிழைக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். நோயைப் பற்றிய பல விவரங்கள் அவருக்குத் தெரியாது. ஆனால் அடக்கி ஒடுக்குவதால் தீராது, அமைதிப்படுத்தினால் தீரும் என்ற அடிப்படை அன்றே பிடிபட்டுவிட்டது.

மூளையில் வேகத்தைக் கூட்டும் ரசாயனமும் உண்டு, அடக்கும் ரசாயனமும் உண்டு. கூட்டுவது குளுட்டமேட், அடக்குவது காபா. மது, காபாவோடு சேர்ந்துகொண்டு மூளையை மந்தமாக்கும். வருடக்கணக்கில் தினமும் இது நடந்தால், மூளை அதை ஈடுகட்டத் தன்னுடைய அடக்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு குவார்ட்டர் போட்ட பிறகும் அவரால் தடுமாறாமல் சாரத்தில் ஏற முடிந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டால் எதிர்ப்பக்கத்தார் மல்லாக்க விழுவார்களே, மது நின்ற நேரத்திலிருந்து மூளைக்கு நடப்பது அதுதான். நடுக்கம், வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு, பிதற்றல் எல்லாமே தடுக்க ஆளில்லாமல் ஓடும் மூளையின் வேலை.

நடிக்கிறார் என்று சொன்னவருக்கான பதில் 1955இலேயே வந்துவிட்டது. அதுவரை மருத்துவர்களிடையேகூட வழக்கு இருந்தது: இது மது நின்றதால் வருகிறதா, குடிகாரர் சரியாகச் சாப்பிடாததால் வருகிறதா என்று. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரின் குழு, போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட 10 ஆண்களுக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, கூடவே தினமும் மதுவும் கொடுத்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. எனக்கும் அதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர்களில் 6 பேர் 48 நாள் முதல் 87 நாள் வரை குடித்தார்கள். நிறுத்தியதும் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் டி.டி.க்குப் போனார்கள். சாப்பாட்டில் குறையில்லை, மனதில் கோளாறில்லை. மது நின்றது ஒன்றுதான் காரணம்.

கடைசியாகக் குடித்த நேரம்தான் எல்லாவற்றுக்கும் கணக்கு. 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வேர்வையும் குமட்டலும் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். டி.டி. வருவது அதற்குப் பிறகு, இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். அவருக்கு வந்ததும் சரியாக அந்த நேரத்தில்தான். எல்லோருக்கும் இந்தக் கட்டம் வருவதில்லை. விலகல் அறிகுறி உள்ளவர்களில் 100 பேருக்குச் சுமார் 5 பேருக்கு வரும். ஆனால் வந்தால் சாதாரணமாக விடக் கூடாது. பழைய காலத்தில் மருத்துவம் இல்லாமல் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள்; இன்று நேரத்தோடு கவனித்தால் 100க்கு 5 பேருக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் உள்ள நோய் வார்டில் அதிகம் கிடையாது.

அவர் செங்கல் அடுக்கியதை நினைத்து நினைத்து அழுததாக எழுதியிருந்தீர்கள். இந்த நோயில் மனிதர்கள் தங்கள் தொழிலைச் செய்வார்கள். டிரைவர் கியர் போடுவார், தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பார், தறிக்காரர் நாடா எறிவார். போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுபவர்கள் உண்டு. இரண்டு விரலால் காற்றைப் பிடித்துக்கொண்டு, 'இந்த நூலைக் கொஞ்சம் பிடிங்க' என்று நாங்கள் நீட்டினால், இல்லாத நூலைக் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டியிருக்கும், உடம்பு அனலாகக் கொதிக்கும். அப்போது அவர் பேசிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவருக்கே அதில் பாதி ஞாபகம் இருக்காது.

இனி, உங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. நீங்கள் சொல்லவில்லை. சரி, யாராவது கேட்டார்களா? சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். குடியைப் பற்றி ஒருவர், 'குடிப்பாரா?' என்று போகிற போக்கில் கேட்டார். பக்கத்தில் மாமனார் நின்றார், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு 'எப்பவாச்சும்' என்றீர்கள். அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்கிற விதத்தில் கேட்பது எங்கள் கடமை. பழியை நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

ஆனாலும் ஏன் மறைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். மரியாதை போய்விடும், 'குடிகாரன்' என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. விபத்துக் கேஸில் குடி என்று எழுதிவிட்டால் இழப்பீடு போய்விடும் என்ற பயம் இன்னொன்று. இரண்டும் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் குடிப்பவரை இளக்காரமாகப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன், கண்டித்தும் இருக்கிறேன். ஆனால் விழுந்த நேரத்தில் குடித்திருந்தாரா என்பது வேறு கேள்வி, தினமும் குடிக்கும் பழக்கம் உண்டா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காவிட்டால், மூன்றாம் நாள் என்ன வரப்போகிறது என்று தெரியாமலே எல்லோரும் காத்திருப்போம்.

இதைப் படிக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இந்த இடத்தில் சில வார்த்தை. 'குடிப்பீங்களா?' என்று கேட்காதீர்கள். 'எப்பவாச்சும்' என்ற பதில்தான் வரும். 'கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, எவ்வளவு?' என்று கேளுங்கள். 'காலையில எழுந்ததும் கை உதறுமா? ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குமா? முன்னாடி நிறுத்தினப்ப ஃபிட்ஸ் வந்திருக்கா?' என்று கேளுங்கள். கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அதற்கு முன்பே சரக்கு தேடி அலைபவர் என்றால், அதற்கு மேல் சோதனை வேண்டியதில்லை. 'ஒரே ஒரு குவார்ட்டர்தான்' என்ற பதிலையும் லேசாக எடுக்காதீர்கள். 180 மில்லி பாட்டிலில், 42.8 சதவீதம் என்று கணக்குப் போட்டால், சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். பெண் நோயாளிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்களிலும் குடிப்பவர்கள் உண்டு, அவர்களுக்கும் மூன்றாம் நாள் வரும்.

நோயின் கடுமையை அளக்க 1989இல் செம்மைப்படுத்திய ஓர் அளவுகோல் இருக்கிறது, சிவா-ஏ.ஆர். என்பார்கள். குமட்டல், நடுக்கம், வேர்வை, பதற்றம், தலைவலி என்று 10 அம்சங்களுக்கு மதிப்பெண், மொத்தம் 67. எந்திரம் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், சில நிமிடம் போதும். இந்த மதிப்பெண் ஏறும்போது மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்து 1994இல் ஓர் ஆய்வு வெளிவந்தது: அட்டவணைப்படி கொடுத்தவர்களுக்கு 68 மணி நேரம் தேவைப்பட்ட சிகிச்சை, இவர்களுக்கு 9 மணி நேரத்தில் முடிந்தது. புத்தகங்கள் இந்த முறையைத்தான் கொண்டாடுகின்றன. ஆனால் இரவில் ஒரே சிஸ்டர் வார்டு முழுக்கப் பார்க்கும் நம் ஆஸ்பத்திரிகளில், மணிக்கொருதரம் அளந்துகொண்டிருக்க முடியாது. அளக்க ஆளில்லாத இடத்தில், அதுவும் முன்பு வலிப்போ டி.டி.யோ வந்தவருக்கு, முன்கூட்டியே அட்டவணை போட்டு மருந்தைத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவதே பத்திரம் என்பது என் கருத்து.

மருந்து புதியதும் இல்லை, விலை அதிகமும் இல்லை. 1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டயசெபாக்சைடு, அதன் பிறகு வந்த டயசெபாம், ஈரல் பழுதானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் லோரசெபாம். காபாவின் பக்கம் நின்று, விட்டுப்போன கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்தும் வேலையை இவை செய்கின்றன. 1969இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 537 பேரை வைத்து நடந்த ஆய்வில், வலிப்பையும் டி.டி.யையும் தடுப்பதில் குளோர்டயசெபாக்சைடு முன்னால் நின்றது. மனநோய்க்குக் கொடுக்கும் குளோர்ப்ரோமசின் வலிப்பைக் கூட்டியது. இத்தனை வருடம் கழித்தும், சத்தம் போடுகிறார் என்று ஹாலோபெரிடால் ஊசியை மட்டும் போட்டு அடக்கும் பழக்கம் சில வார்டுகளில் இருக்கிறது. அந்த ஊசி தனியாகப் போடத் தக்கதல்ல. வலிப்பு வர வழி விடும்.

தயமின் என்கிற பி1 வைட்டமின் இரண்டாவது உயிர் காக்கும் மருந்து. நெடுநாள் குடித்தவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். குடல் அதைச் சரியாக உறிஞ்சாததால் மாத்திரையாகக் கொடுத்தால் போதாது, ஊசியாக ஏற்ற வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலை மாட்டும் முன்போ அதோடு சேர்த்தோ தயமினும் போக வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமிருப்பதையும் குளுக்கோஸ் செலவழித்து, வெர்னிக்கி நோயில் கொண்டுபோய் விடலாம். கண் அசைவு தடைபடும், நடை தள்ளாடும், குழப்பம் கூடும். கார்ல் வெர்னிக்கி அதை 1881இலேயே எழுதி வைத்துவிட்டார். மூன்று அறிகுறிகளும் ஒன்றாகத் தெரியும்வரை காத்திருந்தால், ஞாபகசக்தி திரும்பவே வராமல் போகலாம். சர்க்கரை இறங்கிக் கிடப்பவருக்குத் தயமின் வரட்டும் என்று குளுக்கோஸை நிறுத்தி வைக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. குடிப்பவர் என்று தெரிந்ததும் எல்லாக் குழப்பத்தையும் குடியின் தலையில் போட்டுவிடும் ஆபத்து அது. உங்கள் கணவர் உயரத்திலிருந்து விழுந்தவர். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் இப்படித்தான் பிதற்றுவார். தொடை எலும்பு முறிந்தவருக்கு, கொழுப்புத் துகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் பாதிப்பதும் இதே முதல் மூன்று நாளில்தான்; மூச்சு வாங்கும், நெஞ்சிலும் அக்குளிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தெரியும். சர்க்கரை இறங்கினாலும், சோடியம் குறைந்தாலும், சளிக்காய்ச்சல் முற்றினாலும், ஈரல் செயலிழந்தாலும் குழப்பம் வரும். அன்று ராத்திரியே தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த அந்த டியூட்டி டாக்டர் செய்தது மிகச் சரி. 'தேவையில்லாமல் அலைக்கழித்தார்கள்' என்று எழுதியிருந்தீர்கள், அப்படி நினைக்காதீர்கள்.

கையைக் கட்டியது பற்றி. அவரைக் கட்டிலிலிருந்து விழாமல் காக்க வேறு வழியே இல்லாதபோது, கொஞ்ச நேரத்துக்கு, பக்கத்தில் ஆள் நின்று கவனித்தபடி செய்யலாம். மருந்து கொடுக்காமல் கட்டி மட்டும் போடுவது சிகிச்சை ஆகாது. திமிறத் திமிற உடம்புச் சூடு ஏறும், தசை நைந்து சிறுநீரகம் கெடும், வாந்தி எடுத்தால் புரை ஏறும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, விளக்கை எரியவிட்டு, 'நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, நான் இங்கதான் இருக்கேன்' என்று திரும்பத் திரும்பச் சொல்வது நிஜமாகவே உதவும். நீங்கள் விடிய விடிய அதைச் செய்திருக்கிறீர்கள்.

உங்கள் கொழுந்தனார் இளநீர் பாட்டிலில் கொஞ்சம் மது கலந்து கொண்டுவரவா என்று கேட்டதாகவும், நீங்கள் மறுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். மறுத்தது நல்லது. தூக்கத்துக்கு நாங்கள் கொடுக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவருக்கும் கணக்குத் தப்பிவிடும்.

மறுபடி வருமா? மறுபடி தினமும் குடித்து, மறுபடி திடீரென்று நின்றால் வரும். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கடுமையாக வரும் வாய்ப்பே அதிகம். ஆகவே இனி ஒரு நாள் அவர் குடிக்கத் தொடங்கிவிட்டால், வீட்டில் வைத்துப் பூட்டி ஒரேயடியாக நிறுத்தப் பார்க்காதீர்கள். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, பக்தியோடு அன்றே மதுவைத் தொடாமல் விட்டு, இரண்டு மூன்று நாளில் வலிப்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய உறுதியைக் கும்பிடுகிறேன். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பு டாக்டரைப் பார்த்திருந்தால் விரதமும் நிறைவேறியிருக்கும், உடம்பும் பிழைத்திருக்கும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் கடைகள் மூடியபோது இதே விஷயம் நாடு முழுக்க நடந்தது. பெங்களூரு ஆஸ்பத்திரிகளில் வலிப்போடும் பிதற்றலோடும் வந்தவர்கள் கூடினார்கள். கேரள அரசு டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவு போட, டாக்டர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வேண்டியது மதுச் சீட்டு அல்ல, மருந்துச் சீட்டு.

ஆஸ்பத்திரியில் நடுக்கம் தீர்ந்ததோடு குடிநோய் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தீர்ந்தது விலகல் மட்டுமே. திரும்பவும் அந்தப் பக்கம் போகாமலிருக்க நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. ஈரல், சிறுநீரகத்தைப் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். கூடவே ஆலோசனையும் வேண்டும். குளோர்டயசெபாக்சைடை நீங்களாகக் கடையில் வாங்கித் தொடராதீர்கள். அதுவே இன்னொரு பழக்கமாகும். 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் எதையும் வாங்காதீர்கள். அதில் டைசல்பிராம் இருந்து, அவர் மேலே குடித்தும் விட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே முடிவாகலாம்.

2019இல் வெளிவந்த மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவி பெற்றிருக்கிறார். 37 பேரை யாரும் கைபிடிக்கவில்லை. கால் உடைந்து வந்த உங்கள் கணவர் அந்த ஒருவராக ஆகிவிட முடியும். அவர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார், தெளிவாக இருக்கிறார், 'இனி வேண்டாம்' என்றும் சொல்லியிருக்கிறார். இதைவிட நல்ல நேரம் வராது. டிஸ்சார்ஜுக்கு முன்பே மனநலப் பிரிவு டாக்டரை வார்டுக்கு வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீடு போன பிறகு 14446 என்ற மத்திய அரசின் மதுமீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ கூப்பிடலாம், இரண்டுக்கும் கட்டணமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்பு முறிவோடு 'மது விலகல், டி.டி. வந்தது' என்பதையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். காலில் வைத்த ராடை எடுக்கவோ, வேறு எதற்கோ அவரை மறுபடி சேர்க்க வேண்டி வந்தால், அந்தச் சீட்டைக் காட்டி, கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு என்பதை யாரும் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். மாமனார் பக்கத்தில் நின்றாலும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்